45-70 கருமருந்து தோட்டா: சுட்டது ஒரு மணி நேரம், கழுவுனது ரெண்டு நாள்

போன அக்டோபர்ல வாங்குன ஒரு தோட்டா பெட்டியைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். அமெரிக்காவுல ஆஸ்டின் பக்கம் இருக்கேன், பக்கத்து வீட்டுல ஒரு ரிட்டயர்டு பெருசு, அவர்கிட்ட 1884 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ட்ராப்டோர் ரைபிள் ஒண்ணு இருக்கு, மனுஷன் அதை பேரப்புள்ள மாதிரி வெச்சுக்குவாரு. "தோட்டா நீ வாங்கிட்டு வா, துப்பாக்கி நான் கொண்டு வர்றேன்"னு சொல்லிட்டாரு. அப்படித்தான் அதுக்குப் பொருந்தற 45-70ங்கற ரகத்துல, கருமருந்து, அதாவது பழைய காலத்து கறுப்பு வெடிமருந்து அடைச்ச 20 தோட்டா உள்ள பெட்டி ஒண்ணை ஆர்டர் பண்ணேன். ஷிப்பிங்கோட 80 டாலர் தாண்டிருச்சு, அதாவது ஒரு தடவை சுண்டுனா 4 டாலர் புகையா போகும், நெஜமாவே புகையாத்தான் போச்சு.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன், ஹெச்1பி மாதிரி விசால இருக்குறவங்க இதைப் படிச்சுட்டு உடனே கார்டைத் தேய்க்காதீங்க. துப்பாக்கி மட்டும் இல்ல, தோட்டா கையில வெச்சிருக்கறதுக்கே உங்களுக்கு பொதுவா தடை இருக்கு, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, அதை வக்கீல்கிட்ட கேட்டுட்டு அப்புறம் யோசிங்க.

சரி, பெட்டி. சும்மா பழுப்பு அட்டை, பழைய காலத்து எழுத்துல லேபிள், உள்ள அட்டை தடுப்பு, ஒவ்வொரு தோட்டாவும் தனித்தனி அறையில. கையில எடுத்தா முதல்ல தெரியறது கனம்தான். என் சுண்டு விரலை விட தடிமன், ஆள்காட்டி விரல் நீளம். பித்தளைக் கூடு, அடியில நல்ல அகலமான விளிம்பு, மேல மொழுக்குன்னு ஈயக் குண்டு, கூர்மையே கிடையாது. இப்ப வர்ற மெல்லிசு கூர் தோட்டாங்க பக்கத்துல வெச்சா இது அம்மிக் குழவி மாதிரி இருக்கு.

பேர்லயே எல்லாம் அடக்கம், அது எனக்குப் பிடிச்சது. 45ன்னா குண்டு சுமாரா 0.45 இன்ச் அகலம், 70ன்னா 70 கிரெயின் கருமருந்து (கிரெயின்ங்கறது ஒரு பழைய எடை அளவு), முழுப் பேர் சொல்றவங்க பின்னாடி 405ம் சேப்பாங்க, அது குண்டோட எடை, அதுவும் கிரெயின்லதான். நம்ம கணக்குல சொன்னா மருந்து நாலரை கிராம், அரைப் பவுனுக்கு கொஞ்சம் மேல. குண்டு 26 கிராம், மூணேகால் பவுன். மூணேகால் பவுன் ஈயத்தை ஒரு நொடிக்கு 1,300 அடிக்கு மேல வேகத்துல தள்ளுது, அவ்ளோதான் சமாச்சாரம். 1873ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட கணக்கு இது. குதிரைப்படைக்கு நீளம் கம்மியான கட்டைத் துப்பாக்கி, அதுல 70 போட்டா தோள்பட்டை தாங்காதுன்னு 55 கிரெயின் போட்டுக் குடுத்தாங்க.

இப்ப என் புகார். லேபிள்ல பெருசா 45-70ன்னு போட்டிருக்கு, கீழ "அசல் கருமருந்து"ன்னு வேற போட்டிருக்கு. எனக்கு சந்தேகப் புத்தி, ஒரு தோட்டாவைப் பிரிச்சுப் பாத்துடலாம்னு தோணுச்சு. பெருசு வீட்டு கராஜ்ல சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான் இருக்கு, அதுக்குள்ள தோட்டாவை மாட்டி தட்டுனா குண்டு தனியா மருந்து தனியா வந்துடும். தட்டுனோம். மருந்து அசல்தான், கறுப்பு, பளபளன்னு கிராஃபைட் மினுமினுப்போட கரடுமுரடா, நாங்க சின்ன வயசுல ஊசி வெடியைப் பிரிச்சு பேப்பர்ல கொட்டுவோமே, அதோட பெரியண்ணன். மேல ஒரு அட்டை வில்லை. ஆனா தராசுல போட்டா 61 கிரெயின்தான் காட்டுது! 70 எங்கடான்னு எனக்கு சுர்ருன்னு ஏறிருச்சு, உடனே கடைக்காரனுக்கு மெயில் தட்ட உக்காந்துட்டேன்.

பெருசு சிரிச்சாரு. பழைய கூட்டோட அடி மெல்லிசு, இப்ப செய்யறதுல அடிப்பாகம் கெட்டியா திடமா இருக்கும், அதனால உள்ள இடம் கம்மி, 70 போடணும்னா நீளமான குழாய் வழியா மெதுவா கொட்டி, அப்புறம் அழுத்தி அடைக்கணும், கடையில விக்கறவங்க அவ்ளோ மெனக்கெட மாட்டாங்கன்னாரு. இடைவெளி விட்டு மட்டும் அடைக்கக் கூடாதாம், கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல காத்து இருந்தா குழல் வீங்கிரும், அந்த விஷயத்துல இவங்க ஒழுங்கா அடைச்சிருக்காங்க. சரி, கோவம் பாதி இறங்குச்சு. ஆனாலும் எவ்ளோ போட்டிருக்கோம்னு பெட்டியில ஒரு வரி போடலாம்ல? அரிசி மூட்டையிலயே எடை போடறான். மெயில் அனுப்புனேன், அவங்ககிட்டருந்து பதில் வரல, கடை பேரு சொல்ல விரும்பல.

இன்னொரு குறையும் அன்னிக்கே தெரிஞ்சது. குண்டை அளந்தா 0.458 இன்ச். பெருசோட குழலுக்குள்ள சுத்தி ஓடற வரிப்பள்ளத்துல அளந்தா அகலம் 0.461. அந்தக் காலத்து ட்ராப்டோர் குழல் பலதும் இப்படி கொஞ்சம் அகலமாத்தான் இருக்கும், இப்ப வர்ற 45-70 ரைபிளுக்கு 0.458 சரி. மயிரிழை வித்தியாசம்தான், ஆனா ஈயக் குண்டு குழலைக் கவ்விப் பிடிக்கணும், இல்லேன்னா பக்கவாட்டுல சூடான வாயு கசிஞ்சு ஈயத்தை உருக்கி குழல்ல பூசிரும். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

துப்பாக்கி பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லாம தோட்டாவைப் பத்தி மட்டும் பேச முடியாது. ட்ராப்டோர்னா நெஜமாவே கதவுதான். சுத்தியலை பாதி இழுத்து, கட்டை விரலால தாழ்ப்பாளைத் தள்ளுனா, குழலோட பின்பக்கம் ஒரு மூடி பெட்டி திறக்கற மாதிரி மேல எழும்பி முன்னாடி சாயும். தோட்டாவைத் தள்ளு, மூடு, சுடு. மறுபடி திறந்தா காலிக் கூடு துள்ளி வெளிய விழும். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில இருந்த எர்ஸ்கின் ஆலின்ங்கறவர் யோசனை இது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சு மலை மாதிரி குவிஞ்சு கெடந்த, குழலோட முன்வாய் வழியா மருந்து போடற பழைய துப்பாக்கிங்களை வீணாக்காம பின்பக்கம் வெட்டி கதவு வெச்சாங்க, அதுதான் ஆரம்பம். அப்புறம் 1872ல பிரிகேடியர் ஜெனரல் ஆல்ஃப்ரெட் டெர்ரி தலைமையில ஒரு குழு போட்டு நூறு மாடல் கிட்ட டெஸ்ட் பண்ணி, கடைசியில இதையே தேர்ந்தெடுத்தாங்க. டெர்ரி பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரேஞ்சுக்குப் போன அன்னிக்கு வடக்குக் காத்து, நல்ல வெயில், காத்துல ஈரமே இல்ல. முதல் தோட்டாவைப் போட்டு மூடுனேன், டக்குன்னு இரும்புச் சத்தம், வங்கி லாக்கர் மூடற மாதிரி ஒரு திருப்தி. சுண்டுனேன். இதுக்கு முன்னாடி நான் சுட்டதெல்லாம் புகையில்லா மருந்துதான், அது சுரீர்னு அறையும். இது அறையல, தள்ளுது. கூட்டமான பஸ்ஸுல பின்னாடி நிக்குற ஆளு தோளால தள்ளுவாரே, அந்த மாதிரி நிதானமா ஒரு தள்ளு. சத்தம் டமார் இல்ல, 'டும்', வயித்துல கேக்குற சத்தம், எங்க ஊர் அம்மன் கோயில் கொடையில சாமி கெளம்பறப்ப போடுவாங்களே வேட்டு, அதே தான். அப்புறம் எதிர்ல ஒண்ணுமே தெரியல. வெள்ளை வெளேர்னு புகை, டார்கெட்டைக் காணோம், பக்கத்து லேன்ல இருந்தவர் கைதட்டறது மட்டும் கேக்குது.

புகை மூக்குல ஏறுனதும் பாருங்க, தீபாவளி காலைல அஞ்சு மணி. வேற வார்த்தையே இல்ல. ஆச்சரியமும் இல்ல, ரெண்டுக்கும் அடிப்படை சாமான் ஒண்ணுதான், நூத்துக்கு 75 வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். அந்த வெடியுப்புக்கு அப்பல்லாம் உலகம் பெரும்பாலும் இந்தியாவைத்தான், முக்கியமா பீகார் பக்கத்தைத்தான் நம்பி இருந்துச்சு. 1861ல உள்நாட்டுப் போர் ஆரம்பிச்ச வருஷம், வெடிமருந்துக் கம்பெனிக்காரர் லாமட் டூ பான்ட் லண்டன் போயி அங்க இருந்த இந்திய வெடியுப்பை எல்லாம் வாரி வாங்கிட்டாரு, நடுவுல ட்ரென்ட்ங்கற பிரிட்டிஷ் கப்பல்ல இருந்து தென்மாநிலத் தூதர்கள் ரெண்டு பேரை அமெரிக்கா கைதியா பிடிச்ச தகராறு வந்து பிரிட்டிஷ்காரன் சரக்கை போக விடாம நிறுத்தி, அமெரிக்கா கைதிகளை விட்ட பிறகுதான் விட்டான். நம்ம ஊரு மண்ணுல சுரண்டுன உப்பு இல்லாம லிங்கன் ராணுவம் சுட முடியாத நெலம, இதை பெருசுகிட்ட சொன்னப்ப அவரு நம்பாம ஃபோன்ல தேடிப் பாத்தாரு.

குறி எப்படி? 100 யார்டுல முதல் அஞ்சு குண்டும் ஒரு டிபன் தட்டுக்குள்ள அடங்குச்சு, நாலு இன்ச் இருக்கும். ஆனா நான் வெச்ச குறிக்கு ஒரு ஜாண் மேல! எனக்குத்தான் கை சரியில்லையோன்னு பாத்தா, இந்த ரைபிள்ல குறி பாக்கற பட்டையை அடிமட்டத்துல வெச்சாலும் 200 யார்டுக்கு மேல இருக்குற ஆளை மனசுல வெச்சு செஞ்சதாம், கிட்டத்துல மேலதான் அடிக்குமாம். கீழ குறி வெச்சு பழகிக்கணும். இந்தக் குண்டு போற பாதை அம்பு மாதிரி நேர்க்கோடு இல்ல, கல்லெறியற மாதிரி வளைவு. 100 யார்டுக்கு சரி பண்ணி வெச்சா 200ல ரெண்டடி கிட்ட கீழ போயிடும். தூரத்தை சரியா கணிக்கத் தெரியாதவன் கையில இது சும்மா சத்தம் போடற சாமான். ஆனா தூரம் போகற தெம்பு இருக்கு. 1879ல நியூ ஜெர்சி சாண்டி ஹூக் கடற்கரையில ராணுவமே இதை சோதிச்சுப் பாத்தாங்க, 500 கிரெயின் கனமான குண்டு 3,000 யார்டு தாண்டி, அதாவது ரெண்டே முக்கால் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போயி மணல்ல விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் 405 கிரெயின் குண்டை 500 ஆக்குனாங்க.

பத்தாவது குண்டுக்கு மேல கதை மாறுச்சு. ஒண்ணு அட்டை ஓரத்துல, ஒண்ணு அட்டையிலயே இல்ல. கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல வாயுவாவே ஆகறது கிடையாது, அழுக்கும் புகையுமாத்தான் மிஞ்சும். காத்துல ஈரம் இருந்தா அந்த அழுக்கு களிம்பு மாதிரி இளகி இருக்கும், அடுத்த குண்டு அதைத் தள்ளிட்டுப் போயிடும். அன்னிக்கு காத்து வறண்டு கெடந்துச்சா, குழலும் சூடு, அழுக்கு தோசைக்கல்லுல காஞ்ச மாவு மாதிரி பொருக்கு கட்டிருச்சு. 14வது குண்டு சுட்டுட்டுக் கதவைத் திறக்கறேன், கூடு துள்ளல. பாதி வெளிய வந்து நிக்குது. விளிம்புல நகத்தை விட்டு நெம்பி நெம்பி எடுத்தேன், நகக்கண்ணு கறுத்துப் போச்சு. நிதானமா ஒரு நிமிஷம் ஆச்சு, ஏன்னா என்னைப் பாத்து யாரும் குதிரைல வரல.

இது ஏன் சொல்றேன்னா, 1876 ஜூன் 25, மொன்டானா, லிட்டில் பிக்ஹார்ன். அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி கஸ்டர் கூட போன 200 சொச்சம் பேர்ல ஒருத்தர் கூட உயிரோட திரும்பல, லக்கோட்டா, செயேன்ங்கற பூர்வகுடிங்க சேந்து முடிச்சுட்டாங்க. அந்தப் படை கையில இருந்தது இதே தோட்டாவோட 55 கிரெயின் வகை, ஆனா பித்தளைக் கூடு இல்ல, செம்பு. செம்பு இளக்கமான உலோகம், சுட்டா உப்பி, குழல்ல தோட்டா உக்கார்ற அறையோட ஒட்டிக்கும், பித்தளை மாதிரி பழைய அளவுக்கு சுருங்கி வராது. தோல் பட்டையில சொருகி வெச்சா பச்சைக் களிம்பு வேற ஏறும், நாம செப்புக் குடத்துல பாக்கறதுதான். வெளிய தள்ளற கொக்கி விளிம்பைப் பிச்சுட்டு கூட்டை உள்ளயே விட்டுரும். பெருசு தன்கிட்ட இருக்குற அசல் கூடு ஒண்ணு காட்டுனாரு, கறுத்துப் போன செம்பு, பழைய ஓட்டைக் காலணா நெறம். அடியில நடுப்பொட்டு கிடையாது, மொட்டையா இருக்கு, ஏன்னா பத்தவைக்கிற மருந்து உள்ளாற ஒளிஞ்சிருக்கு, அதைப் பிடிச்சு வெக்க விளிம்புக்கு மேல ரெண்டு பக்கமும் நறுக்குன்னு கிள்ளுன தடம். அடியில ஆர், எஃப், 3, 79ன்னு முத்திரை. ரைபிள், ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலை, 1879 மார்ச்.

தோட்டா சிக்குனதாலதான் கஸ்டர் தோத்தாருன்னு ரொம்ப பேர் சொல்லுவாங்க, அதை நான் அப்படியே ஏத்துக்க மாட்டேன். 1983ல அந்த மைதானத்துல புல் தீப்பிடிச்சு எரிஞ்ச பிறகு தொல்லியல்காரங்க சல்லடை போட்டுத் தேடுனாங்க, கிடைச்ச கூடுகள்ல நெம்பி எடுத்த கீறல் இருந்தது ரொம்ப கொஞ்சம்தான். எதிர்ல இருந்த கூட்டம்தான் காரணம், கூடவே அவங்கள்ல சிலர்கிட்ட வின்செஸ்டர், ஹென்றி மாதிரி அடுத்தடுத்து சுடற துப்பாக்கியும் இருந்துச்சு. ஆனா ஒரு கூடு சிக்குனாலும் அது சிக்குன ஆளுக்கு அதுதானே மொத்தப் போரும்? கீறலோட கிடைச்ச அந்தக் கொஞ்சம் கூட்டை நெம்புன விரலுங்களை, என் நகத்தைப் பாத்துட்டே கொஞ்ச நேரம் நெனச்சுட்டு இருந்தேன். ராணுவமும் சும்மா இருக்கல, அடுத்த வருஷத்து கட்டைத் துப்பாக்கியில பின்கட்டைக்குள்ள ஒரு பொந்து செஞ்சு சுத்தம் பண்ற கம்பியும் பிஞ்ச கூட்டை எடுக்கற சாமானும் வெச்சுக் குடுத்தாங்க. ஆமா, கஸ்டர் யாருக்குக் கீழ போனாருன்னு சொல்லலையே, அதே ஜெனரல் டெர்ரி. 27ம் தேதி அந்தப் பொணங்களை வந்து பாத்ததும் அவர்தான்.

சிக்குனதுக்கு அப்புறம் பெருசு ஒரு வித்தை காட்டுனாரு. காலிக் கூட்டுல ஓட்டை போட்டு ரப்பர் குழாய் சொருகி வெச்சிருக்காரு. குண்டு இல்லாத குழலோட பின்பக்கம் அதை வெச்சு மூணு தடவை நீளமா ஊதணும். அவ்ளோதான், மூச்சுல இருக்குற ஈரத்துல அழுக்கு இளகிரும். நம்ம ஊதாங்குழல்! எங்க ஆச்சி விறகடுப்புல ஊதுன மாதிரியே ஊதுனேன், மிச்சம் அஞ்சும் ஒழுங்கா போச்சு, கூடும் துள்ளுச்சு. கூட ஈரத் துணியும் ஒரு தடவை விட்டோம், அதுல பளபளன்னு ஈயச் செதில் வந்துச்சு, 0.458 சமாச்சாரம் அதுதான்.

இதுல பெட்டிக்காரன் தப்பும் இருக்கு. குண்டு வழுக்கிட்டுப் போக அதோட பள்ளத்துல தடவியிருந்த பசை கெட்டியான நீல மெழுகு, புகையில்லா மருந்துக்குப் போடற ரகம். கருமருந்துக்கு தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் கலந்த இளக்கமான பசை வேணும், பெருசு வீட்டுல அதைத்தான் காய்ச்சுவாரு. சைவக்காரங்க கவனிக்க. இதைச் சொன்னதும் எங்கம்மா வீடியோ கால்ல "அய்ய, கைய கழுவுனியா"ன்னாங்க. 1857ல என்ஃபீல்டு காகிதத் தோட்டாவைப் பல்லால கடிக்கச் சொல்லி, அதுல பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பான்னு சிப்பாய்ங்க கொந்தளிச்சது சும்மாவா. இது கடிக்கற தோட்டா இல்லம்மான்னு சொல்லி சமாளிச்சேன்.

இப்ப கழுவற படலம். வீட்டுக்கு வந்து சுடுதண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு, துணி. பெட்ரோல் ரசாயனம் எதுவும் தேவையில்ல, இந்த அழுக்கு தண்ணியில கரையறதுதான். முதல் துணி கண்மை மாதிரி வந்துச்சு, பத்தாவது துணிக்குத்தான் வெளுப்பு தெரிஞ்சது. வாசனை இருக்கே, தீபாவளி எல்லாம் ரேஞ்சோட முடிஞ்சது, தண்ணி பட்டதும் அழுகின முட்டை. கூடுங்களையும் அன்னிக்கே ஊறப் போடணும், மறுநாள்னு விட்டா பச்சை பூத்துரும். கிச்சன் பக்கம் இருந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்தேன், எங்க வீட்டம்மா பாத்த பார்வையில தனி வாளி வாங்கிட்டு வந்துட்டேன் (ஈயம் படற சாமானுக்கு தனி வாளிதான் சரி, அவ சொன்னது ஞாயம்). மறுநாள் காலைல குழல்ல துணி விட்டுப் பாத்தா லேசா ஆரஞ்சு நெறம், துரு! மறுபடி கழுவி, துடைச்சு, எண்ணெய் விட்டு. பழைய சிப்பாய் தினம் ராத்திரி இதைத்தான் பண்ணிருப்பான், அதுவும் ஆத்துத் தண்ணியில.

புகையைப் பத்தி நான் சிலாகிச்சேனே, அதுதான் இதுக்கு எமன். 1892ல புகையில்லா மருந்து போட்ட க்ராக் ரைபிள் வந்துருச்சு, ஆனா 1898ல ஸ்பெயினோட சண்டை போட கியூபாவுக்குப் போன தன்னார்வப் படைங்க பலதுக்கும் இந்தக் கதவுத் துப்பாக்கியத்தான் குடுத்தாங்க. ஒருத்தன் சுட்டா போதும், ஒரு வெள்ளை மேகம் எழும்பி "இங்க இருக்கோம்"னு சொல்லிரும், எதிர்ல ஸ்பானியர்கிட்ட புகையே வராத மவுசர் ரைபிள்.

வாங்கலாமா? 150 வருஷம் தாண்டியும் கடையில புதுசா கிடைக்கற ராணுவத் தோட்டா எத்தனை இருக்கு சொல்லுங்க. புகையில்லா மருந்து போட்ட 45-70 எல்லாக் கடையிலயும் இருக்கு, ஆனா அதுல காட்டமான ரகங்களை பழைய ட்ராப்டோர்ல போட்டுறாதீங்க, இரும்பு தாங்காது, பெட்டியில ட்ராப்டோருக்கு ஆகும்னு எழுதியிருந்தா மட்டும் போடுங்க. நான் வாங்குன பெட்டிக்கு, கூடும் மருந்தும் நாலு ஸ்டார், பசைக்கு ஒரு ஸ்டார், எடை போடாத லேபிளுக்கு ஒண்ணுமே கிடையாது. மறுபடி அதே பெட்டி வாங்க மாட்டேன். பெருசு காலிக் கூடு 20ஐயும் கேட்டாரு, அவரே 0.461 குண்டு வார்த்து, தன் பசை தடவி, நீளக் குழாய்ல மருந்து கொட்டி அடைச்சுத் தர்றாராம். எண்ணிப் பாத்தா 19தான் இருக்கு. 14வது கூட்டை நான் மேசை மேல வெச்சிருக்கேன், அதை மட்டும் அவர்கிட்ட இன்னும் சொல்லல.